சொந்த இரத்தமே மருந்தா? மகளிர் நலமும் பி.ஆர்.பி. ஊசியும்

மகளிர் நலம் பற்றி ஓய்வு பெற்ற ரயில்வே எஞ்சினியர் ஒருவன் எழுத முன்வருவது அன்பர்கள் சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். நான் டாக்டர் அல்ல. டிப்ளமா படித்துவிட்டு, தண்டவாளத்தோடும் ஜல்லியோடும் முப்பத்தாறு ஆண்டுகள் காலம் தள்ளியவன். ஆனால் நாக்பூரில் நாங்கள் வசிக்கும் பகுதியில் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆங்கிலத்தில் எந்தக் காகிதம் வந்தாலும், அது பாங்கிக் கடிதமானாலும் இன்ஷ்யூரன்ஸ் பாரமானாலும், "சாரிடம் கொடுத்துப் படித்துச் சொல்லச் சொல்" என்று என் வீட்டுக்கு அனுப்புவது நெடுநாள் வழக்கம். அப்படி வந்து சேர்ந்த ஒரு விளம்பரத் தாள்தான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

வழவழப்பான அந்தத் தாளில் கண்டிருந்த செய்தி இதுதான்: உங்கள் கையிலிருந்து சிறிது இரத்தம் எடுப்பார்கள். அதை ஓர் எந்திரத்தில் சுழற்றி, அதிலுள்ள "உயிர்ச் சத்தை" மட்டும் பிரித்து, அந்தரங்க உறுப்பில் ஊசியாகப் போடுவார்கள். அரை மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடலாம். சிறுநீர்க் கசிவு, மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சி, தீராத அரிப்பு, தாம்பத்தியத்தில் நாட்டமின்மை ஆகிய நான்கும் தீரும். சொந்த இரத்தம் என்பதால் பக்க விளைவே கிடையாது. இந்தச் சிகிச்சைக்குப் பெயர் பி.ஆர்.பி.

அந்தத் தாளை என் மனைவியிடம் கொடுத்தவர் குடும்ப ஓய்வூதியத்தில் வாழும் ஒரு சகோதரி. தும்மினால், இருமினால், படியேறினால் அவருக்குச் சிறுநீர் கசிகிறது. அந்தக் கூச்சத்தில் இரண்டு வருஷமாகச் சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு வரவில்லை. ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறி ஊருக்குப் போகவும் பயம். மூன்று ஊசிக்கு மொத்தம் 75,000 ரூபாய் என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டு ஜோடி வளையலை அடகு வைக்கலாமா என்பதே அவர் கேள்வி. அவருடைய சம்மதத்தின் பேரில்தான், அடையாளம் காட்டாமல் இதை எழுதுகிறேன்.

இப்படிப்பட்ட கேள்விக்கு "போடு" என்றோ "வேண்டாம்" என்றோ ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாகாது. ஆகவே கிடைத்த மருத்துவ ஆய்வுகளைப் படித்தேன்; தெரிந்த டாக்டர்களிடம் ஐயம் கேட்டுத் தெளிந்தேன். அதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

பி.ஆர்.பி. என்பது என்ன?

டெங்கு காய்ச்சல் வந்த வீட்டில் "பிளேட்லெட் எவ்வளவு?" என்று கேட்காதவர் இல்லை. தமிழில் தட்டணுக்கள் என்பார்கள். ஆரோக்கியமான ஒருவருடைய இரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இவை இருக்கும். காயம் பட்ட இடத்தில் முதலில் ஓடிவந்து இரத்தத்தை உறையச் செய்வது இவைதாம். அத்தோடு, புண் ஆறுவதற்குத் தேவையான சில வளர்ச்சிப் பொருள்களையும் இவை அங்கே வெளிவிடுகின்றன.

தயிரைக் கடைந்தால் வெண்ணெய் திரண்டு மேலே வருகிறது அல்லவா? அதேபோல இரத்தத்தைக் குழாயில் இட்டு வேகமாகச் சுழற்றினால், கனமான சிவப்பணுக்கள் அடியில் தங்கும். மஞ்சள் நிறமான பிளாஸ்மா மேலே நிற்கும். தட்டணுக்கள் செறிந்த பகுதியை மட்டும் உறிஞ்சி எடுத்தால் அதுவே பி.ஆர்.பி. அதில் தட்டணுக்கள் சாதாரண இரத்தத்தில் உள்ளதைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு இருக்கும்.

இது ஏமாற்று வேலையாகப் பிறந்த சரக்கு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1998-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மயாமி நகரைச் சேர்ந்த ராபர்ட் மார்க்ஸ் என்ற வாய், தாடை அறுவை நிபுணரும் அவரது குழுவினரும், தாடை எலும்பில் ஒட்டு வைக்கும்போது இதைச் சேர்த்துப் பயன்படுத்தி வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகுதான் இது பரவலாயிற்று. பிறகு விளையாட்டு வீரர்களின் தசைநார், முதியோரின் மூட்டு, வழுக்கைத் தலை, முகச் சுருக்கம் என்று கிளை விட்டது. மகளிர் அந்தரங்க உறுப்புக்கு வந்தது கடைசியில்தான். அலபாமா மாநிலத்து டாக்டர் சார்லஸ் ரனல்ஸ் என்பவர் இதற்குக் கவர்ச்சியான ஒரு வணிகப் பெயரும் சூட்டினார். அவர் 2014-இல் வெளியிட்ட முதல் ஆய்வில் இடம் பெற்ற பெண்கள் 11 பேர். ஊசி போடாத மற்றொரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விஷயமே இருக்கிறது. அதைச் சற்று விளக்க வேண்டும்.

எதைவிட மேல்?

ரயில்வேயில் வளைவுப் பாதைகளில் சக்கரம் உராய்ந்து தண்டவாளத்தின் உட்பக்கம் தேயும். தேய்மானத்தைக் குறைக்கும் புது மசகு ஒன்றை ஒரு வியாபாரி கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வளைவில் தடவி, ஆறு மாதம் கழித்து, "பாருங்கள், தேய்மானம் குறைந்துவிட்டது" என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா? அந்த ஆறு மாதத்தில் அங்கே சரக்கு வண்டி குறைந்திருக்கலாம். ஜல்லியைச் சீர் செய்து பாதையை உயர்த்தியிருக்கலாம். அளந்தவர் வியாபாரியின் ஆளாகவும் இருக்கலாம்.

ஆகையால் ஒரே மாதிரியான இரண்டு வளைவுகளை எடுத்துக்கொள்ள வேண்டும். எதில் தடவுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும். இரண்டிலும் ஒரே போக்குவரத்து, ஒரே பராமரிப்பு. அளக்கும் மனிதருக்கு எந்த வளைவில் மசகு இருக்கிறது என்று தெரியக்கூடாது. அப்படி அளந்தும் வித்தியாசம் தெரிந்தால், மசகு நல்ல மசகு.

மருத்துவத்திலும் இதே முறைதான். தண்டவாளத்துக்கு மனம் இல்லை, மனிதனுக்கு உண்டு என்பதால் இங்கே இன்னும் ஒரு படி ஜாக்கிரதை தேவை. ஒரு பாதிப் பேருக்கு உண்மை மருந்து, மறு பாதிப் பேருக்கு வெறும் உப்பு நீர். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, ஊசி போடுபவருக்கும் தெரியாது.

ஏன் இத்தனை கெடுபிடி? ஒருவருடைய தொல்லை குறைவதற்கு மருந்தைத் தவிர வேறு காரணங்களும் இருக்கின்றன. முதலாவது, எந்தத் தொல்லையும் ஏறி இறங்கும். அது உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் வைத்தியரைத் தேடி ஓடுகிறோம். உச்சத்துக்குப் பிறகு தானாகவே சற்று இறங்கும். பெயர் மருந்துக்குப் போகும். இரண்டாவது, பணம் கொடுத்து, ஊசி குத்திக்கொண்டு, டாக்டரின் அன்பான பேச்சையும் கேட்டால் மனம் நம்புகிறது. உடம்பும் ஓரளவு கேட்கிறது. மூன்றாவது, சிகிச்சைக்குப் போனவர் அதையொட்டித் தண்ணீர் குடிக்கும் நேரத்தை மாற்றுகிறார், எடையைக் கவனிக்கிறார்.

மனத்தின் வலிமைக்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1950-களில் நெஞ்சுவலிக்கு, மார்பின் உட்புறம் ஓடும் ஓர் இரத்தக் குழாயைக் கட்டிவிடும் அறுவை பிரபலமாக இருந்தது. செய்துகொண்டவர்கள் பலர் குணம் கண்டதாகச் சொன்னார்கள். 1959-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் லியோனார்ட் காப் என்ற டாக்டரும் சகாக்களும், 17 நோயாளிகளில் சிலருக்கு மட்டும் குழாயைக் கட்டி, மற்றவர்களுக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டார்கள். தோலை மட்டும் கீறியவர்களும் அதே அளவு நன்மை கண்டதாகச் சொன்னார்கள். அத்தோடு அந்த அறுவைக்குச் செல்வாக்குப் போயிற்று.

ஆகவே "எனக்குக் குணமாயிற்று" என்று ஒருவர் சொல்வதைப் பொய் என்று தள்ள வேண்டியதில்லை. அவர் உண்மைதான் சொல்கிறார். எதனால் குணமாயிற்று என்பது அவருக்கும் தெரியாது என்பதுதான் சங்கதி.

சோதித்துப் பார்த்தபோது என்ன ஆயிற்று?

பி.ஆர்.பி.யைச் சிறப்பாகச் சோதித்தது முழங்கால் மூட்டில்தான். ஆஸ்திரேலியாவில் 288 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2021-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. வாரம் ஒன்றாக மூன்று ஊசி. பாதிப் பேருக்கு பி.ஆர்.பி., பாதிப் பேருக்கு உப்பு நீர். ஓராண்டு கழித்துப் பார்த்தால், பத்துப் புள்ளி அளவுகோலில் பி.ஆர்.பி. பெற்றவர்களுக்கு வலி 2.1 புள்ளி குறைந்திருந்தது. உப்பு நீர் பெற்றவர்களுக்கு 1.8 புள்ளி குறைந்திருந்தது. இரண்டுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. குருத்தெலும்பு தேய்வதிலும் வித்தியாசம் காணவில்லை. உப்பு நீர்க் குழு இல்லாமல் இதே ஆய்வை நடத்தியிருந்தால், "வலி இரண்டு புள்ளி குறைந்தது" என்று விளம்பரம் வந்திருக்கும்.

இனி மகளிர் பிரச்சினைகளுக்கு வருவோம். விளம்பரத் தாள் நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறது. நாம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் தீராத அரிப்பு. மாதவிடாய் நின்ற பெண்கள் சிலருக்குப் பிறப்புறுப்பின் தோல் வெளுத்து, மெலிந்து, கடும் அரிப்பு எடுக்கும். இதற்கு லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்று பெயர். முப்பது பேர் அளவிலான பெண்களிடம் பி.ஆர்.பி.யையும் உப்பு நீரையும் ஒப்பிட்ட ஆய்வு 2019-இல் வெளிவந்தது. பி.ஆர்.பி. இந்நோயைப் போதிய அளவு குணப்படுத்தவில்லை என்பதே அதன் முடிவு.

அடுத்தது இருமும்போதும் தும்மும்போதும் வரும் சிறுநீர்க் கசிவு. இதில் ஐம்பது பேர் அளவிலான சிறு ஆய்வுகள் நடந்துள்ளன. ஒன்றில் பி.ஆர்.பி. பெற்றவர்கள் உப்பு நீர் பெற்றவர்களைவிட அதிகம் மேம்பட்டார்கள். மற்றொன்றில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஆக, இது திறந்திருக்கும் கேள்வி. வாயில் கதவு சாத்தப்படவில்லை. ஆனால் உள்ளே போய்ப் பணம் கட்டும் நிலைக்கும் இன்னும் வரவில்லை.

வறட்சிக்கும், தாம்பத்திய நாட்டத்துக்கும் சொல்லப்படும் நன்மைகள் பெரும்பாலும் ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறு ஆய்வுகளையும், சில மாதங்களே கவனித்த கணக்குகளையும் நம்பி நிற்கின்றன. இந்த இரண்டு விஷயத்திலும் மனநிலையின் பங்கு மிக அதிகம். ஆகவே உப்பு நீரோடு ஒப்பிடாத எந்த ஆய்வையும் கொண்டு இங்கே முடிவு கட்ட இயலாது.

இதன் பக்கத்து வீட்டுச் சரக்கு லேசர். அதன் கதையையும் கேளுங்கள். வறட்சிக்கும் தளர்ச்சிக்கும் லேசர் சிகிச்சை என்று உலகெங்கும் விளம்பரம் நடந்தது. 2018 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இத்தகைய "இளமை மீட்பு" வேலைக்கு இந்தக் கருவிகள் அனுமதிக்கப்பட்டவை அல்ல, தீப்புண்ணும் தழும்பும் நீடித்த வலியும் நேர்ந்துள்ளன என்று எச்சரித்தது. 2021-இல் ஆஸ்திரேலியாவில் மாதவிடாய் நின்ற 85 பெண்களிடம் மெய் லேசரையும் போலி லேசரையும் ஒப்பிட்ட ஆய்வு வெளிவந்தது. ஓராண்டு கழித்து மெய் லேசருக்கு எந்த மேன்மையும் தெரியவில்லை. அதற்குள் எத்தனை நாடுகளில் எத்தனை பெண்கள் பணம் கட்டியிருப்பார்கள்!

சொந்த இரத்தம் என்றால் ஆபத்தே இல்லையா?

சொந்த இரத்தம் என்பதால் ஒவ்வாமை அபூர்வம் என்பது உண்மையே. ஊசி போட்ட இடத்தில் வலி, வீக்கம், இரத்தக் கட்டு ஆகியவை பெரும்பாலும் சில நாளில் சரியாகும். ஆபத்து இரத்தத்தில் இல்லை. அதைக் கையாளும் கையில் இருக்கிறது.

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உரிமம் இல்லாத ஓர் அழகு நிலையம், முகப் பொலிவுக்காக பி.ஆர்.பி. செய்து வந்தது. 2018-இல் அங்கே போய்வந்த ஒரு பெண்ணுக்கு, வேறெந்தக் காரணமும் இல்லாமல் எச்.ஐ.வி. தொற்று கண்டது. அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது, பெயர் எழுதாத இரத்தக் குழாய்கள் சமையலறையில் இருந்தன. குளிர்பெட்டியில் உணவுப் பொருளோடு ஊசி மருந்துகள் கிடந்தன. அந்த நிலையம் அவ்வாண்டே மூடப்பட்டது. அங்கே போனவர்களில் குறைந்தது மூவருக்கு அந்தச் சிகிச்சை வழியாகவே தொற்று வந்திருக்கக்கூடும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024-இல் அறிக்கை வெளியிட்டது. சொந்த இரத்தம் என்று சொல்லி அடுத்தவர் இரத்தம் பட்ட ஊசியைக் குத்தினால் வேறென்ன நடக்கும்?

இன்னொரு குறை, எஞ்சினியர் கண்ணுக்கு உடனே படுவது. மாத்திரை என்றால் இத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கும். பி.ஆர்.பி.க்கு அப்படி ஒரு நிலையான தரம் இல்லை. எந்திரத்துக்கு எந்திரம், சுழற்றும் வேகத்துக்கு வேகம், ஆளுக்கு ஆள் சரக்கு மாறுகிறது. ஒரே பெயரில் வெவ்வேறு பொருளை விற்கிறார்கள். சுழல் எந்திரத்துக்கு அங்கீகாரம் இருக்கிறது என்று காட்டுவதும் உண்டு. எந்திரத்துக்குக் கிடைத்த அங்கீகாரம் சிகிச்சைக்குக் கிடைத்ததாகாது. லாரிக்கு எப்.சி. இருப்பதால் அதில் ஏற்றிய சரக்கு நல்ல சரக்கு என்று ஆகிவிடுமா?

சான்றுள்ள வழிகள் எவை?

ஊசிக்குப் போகும் சகோதரிகளின் தொல்லை கற்பனை அல்ல. "வயசானால் அப்படித்தான்" என்று தள்ளிவிடுவதும் தவறு. நல்ல சான்றுள்ள, செலவு குறைந்த வழிகள் இருக்கின்றன. அவற்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சிறுநீர்க் கசிவுக்கு முதல் சிகிச்சை இடுப்புத் தளத் தசைப் பயிற்சி. 1948-இல் அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்ட் கீகல் இதைப் பிரபலப்படுத்தினார். பல நாடுகளில் 1,817 பெண்களிடம் நடந்த 31 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2018-இல் காக்ரேன் தொகுப்பாய்வு வெளிவந்தது. இருமல், தும்மலின்போது கசிவு உள்ள பெண்களில், பயிற்சி செய்தவர்களில் 100-க்கு 56 பேர் குணமானதாகச் சொன்னார்கள். பயிற்சி செய்யாதவர்களில் 100-க்கு 6 பேர்தான். வித்தியாசம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

செய்முறை எளிது. வாயு வெளியேறாமல் அடக்குவதுபோலவும், சிறுநீரை நிறுத்துவதுபோலவும் அந்தத் தசைகளை உள்நோக்கி மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும். வயிற்றையும் தொடையையும் இறுக்கக்கூடாது, மூச்சை அடக்கக்கூடாது. சில வினாடி பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். பழகப் பழகப் பத்து வினாடி வரை போகலாம். ஒரு தடவைக்கு எட்டுப் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். சிறுநீர் கழிக்கும்போதே நிறுத்தி நிறுத்திப் பழகக்கூடாது. சரியான தசைதானா என்று முதலில் ஒரு டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டிக்கொள்வது நல்லது. சமையல் மேடை அருகே நின்றபடியே செய்யலாம், யாருக்கும் தெரியாது.

எடை அதிகம் உள்ளவர்கள் எடையைக் குறைப்பதும் பலன் தரும். 2009-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பருமனான 338 பெண்கள் பங்கு கொண்டார்கள். சராசரியாக 8 சதவீதம் எடை குறைத்த குழுவில் வாராந்திரக் கசிவு 47 சதவீதம் குறைந்தது. வெறும் நலக் கல்வி வகுப்பு மட்டும் பெற்ற குழுவிலும் 28 சதவீதம் குறைந்தது. இந்த இரண்டாவது எண்ணைக் கவனியுங்கள். ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. ஆனாலும் கால் பங்குக்கு மேல் குறைந்திருக்கிறது. இந்த எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் எந்தச் சிகிச்சையின் பெருமையையும் அளக்க முடியாது.

பயிற்சியால் சரியாகாவிட்டால் உள்ளே வைக்கும் வளையமும், தேவைப்பட்டால் அறுவையும் உண்டு. அவசரமாக வந்து அடக்க முடியாமல் போகும் கசிவு வேறு வகை; அதற்கு மாத்திரைகளும், நேரம் வைத்து அடக்கிப் பழகும் முறையும் உண்டு. சர்க்கரை நோயும் சிறுநீர்த் தொற்றும் கசிவை அதிகமாக்கும் என்பதால் அந்தப் பரிசோதனைகள் முதலில் அவசியம்.

வறட்சிக்குக் காரணம் மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவது. வெளியில் கிடைக்கும் ஈரப்பசைக் களிம்புகள் சிலருக்குப் போதும். போதாதவர்களுக்கு, டாக்டர் எழுதிக் கொடுக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பை உறுப்பில் மட்டும் இடுவது நல்ல சான்றுள்ள சிகிச்சை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் தங்கள் புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது.

முன்னே சொன்ன வெள்ளைத் தோல் அரிப்புக்கு, டாக்டர் சொன்னபடி இடும் வீரியமான ஸ்டீராய்டு களிம்பே முதல் மருந்து. இந்நோய் உள்ள சிலருக்குப் பின்னாளில் அந்த இடத்தில் புற்றுநோய் வரக்கூடும் என்பதால் தொடர்ந்து காட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஊசி போட்டுக்கொண்டு "சரியாகிவிடும்" என்று ஆறு மாதம் காத்திருப்பதில் உள்ள பெரிய நஷ்டம் இங்கேதான். பணம் போனால் சம்பாதிக்கலாம். போன ஆறு மாதம் திரும்பாது.

தாம்பத்திய நாட்டம் குறைவதற்கு வறட்சியால் வரும் வலி, தூக்கமின்மை, மனச்சோர்வு, சில இரத்த அழுத்த, மனநல மருந்துகள், வீட்டுப் பிணக்கு என்று பல காரணம். காரணம் தெரியாமல் ஊசி போடுவது, சிக்னல் கோளாறுக்கு எஞ்சினைக் கழற்றுவது போல.

உடனே டாக்டரிடம் போக வேண்டிய அறிகுறிகள் சில உண்டு. மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பின் ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும், சிறுநீரில் இரத்தம் கண்டாலும், ஆறாத புண், கட்டி, துர்நாற்றமுள்ள வெள்ளை தென்பட்டாலும் நாள் கடத்தக்கூடாது.

வெளியூரில் வாழும் நம் சிக்கல்

விளம்பரத் தாள் நம் சகோதரிகளிடம் ஏன் எடுபடுகிறது என்று யோசித்துப் பார்த்தேன். ஊரில் இருந்தால் அம்மாவிடமோ அத்தையிடமோ பெரியம்மாவிடமோ ஜாடையாகவாவது சொல்லலாம். இங்கே அது இல்லை. டாக்டரிடம் இந்தியிலோ மராத்தியிலோ சொல்ல வேண்டும். காய்கறி வாங்கும் இந்தி இதற்குப் போதாது. மகனையோ மருமகளையோ மொழிபெயர்க்கக் கூட்டிப் போகக் கூச்சம். விளம்பரக்காரர் கேள்வியே கேட்பதில்லை. வாய் திறக்காமல் காரியம் முடிந்துவிடும் என்கிறார். நாம் 75,000 ரூபாய் கொடுத்து வாங்குவதில் பாதி, வாய் திறக்காமல் இருக்கும் வசதிதான்.

இதற்குச் சில யோசனைகள். என்ன தொல்லை, எத்தனை நாளாக, எப்போது அதிகம், என்னென்ன மருந்து சாப்பிடுகிறோம் என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, தெரிந்த ஒரு பெண்மணியைக் கொண்டு இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதி வாங்கிக்கொள்ளலாம். டாக்டரிடம் அந்தச் சீட்டை நீட்டினால் போதும். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. ரயில்வேக் குடும்பத்தினர் ரயில்வே மருத்துவமனைக்கும், மற்றவர்கள் அரசு மருத்துவக் கல்லூரியின் மகளிர் பிரிவுக்கும் போகலாம். நம் சங்கத்து மகளிர் அணியில் இரண்டு மூன்று பேர் துணைக்குப் போகவும் மொழிபெயர்க்கவும் முன்வந்தால், அது ஒரு கவியரங்கத்துக்குக் குறைந்த தமிழ்த் தொண்டு ஆகாது. கணவன்மார்களுக்கும் ஒரு வார்த்தை: மனைவி விழாவுக்கு வர மறுத்தால் கோபிக்காமல், காரணத்தைத் தனியாகக் கேளுங்கள்.

வளையலை அடகு வைக்க இருந்த சகோதரி இப்போது என் மனைவியோடு ரயில்வே மருத்துவமனைக்குப் போய்வருகிறார். சர்க்கரை கட்டுக்கு மேல் இருந்தது தெரிய வந்து, அதற்கு மருந்து மாற்றினார்கள். பயிற்சியும் கற்றுக்கொண்டு ஐந்தாவது மாதமாகச் செய்கிறார். தொல்லை பாதியாகக் குறைந்திருக்கிறது என்கிறார். இதை நான் சான்றாகச் சொல்லவில்லை. ஒருவர் கதை சான்றாகாது என்றுதானே இத்தனை பக்கம் எழுதினேன்! கைச்செலவு ஆட்டோ கட்டணம்தான் என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன்.

கேட்க வேண்டிய கேள்விகள்

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ள விரும்பினால் அது அவரவர் உரிமை. பணம் கட்டுமுன் கீழ்க்கண்டவற்றைக் கேளுங்கள்.

1. என் நோய்க்குப் பெயர் என்ன? பரிசோதித்துத்தான் சொல்கிறீர்களா?
2. இந்த நோய்க்கு முதலில் செய்ய வேண்டிய சிகிச்சைகளை நான் செய்து பார்த்துவிட்டேனா?
3. பி.ஆர்.பி.யை உப்பு நீரோடு ஒப்பிட்ட ஆய்வு, இதே நோய்க்கு, எத்தனை பேரிடம் நடந்தது? அதைக் காட்டுவீர்களா?
4. ஊசி போடுபவர் பதிவு பெற்ற மகளிர் நல மருத்துவரா? குழாயில் என் பெயர் என் கண் முன்னால் எழுதப்படுமா? ஊசியும் குழாயும் என் எதிரில் உறை பிரிக்கப்படுமா?
5. பலன் இல்லாவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள்?
6. ஆராய்ச்சிக்காகச் செய்கிறீர்கள் என்றால், நெறிமுறைக் குழுவின் அனுமதி எங்கே? ஆராய்ச்சியில் சேர்பவரிடம் எதற்குப் பணம்?

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவர்க்கு மதி எங்கே போயிற்று என்பார்கள் நம் பெரியவர்கள். ஆனால் கேழ்வரகை ஒருபோதும் சோதிக்கக்கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. பி.ஆர்.பி.யில் ஏதேனும் ஒரு நோய்க்கு உண்மையிலேயே பயன் இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளின் காலில் ஆறாத புண்ணுக்கு ஓரளவு உதவக்கூடும் என்று 2016-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வே, சான்றின் தரம் குறைவு என்ற எச்சரிக்கையோடு, சொல்கிறது. சிறுநீர்க் கசிவுக்கும் பெரிய அளவில், உப்பு நீரோடு ஒப்பிட்டு, ஓராண்டுக்கு மேல் கவனித்து ஆய்வு நடக்கட்டும். அதில் ஊசி ஜெயித்தால் இதே பத்திரிகையில் முதல் ஆளாக நானே எழுதுகிறேன். அதுவரை வளையல் கையில் இருக்கட்டும், பயிற்சி நடக்கட்டும், டாக்டரிடம் வாய் திறந்து பேசுங்கள்.